பச்சை மேசையும் சீனரும்

கடைவீட்டு மாடிகளில் ஸ்னூக்கர் நிலையங்கள் பெருகியிருந்த காலத்தில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இட்ட தடைகளுள் அந்த மாடிப்படி ஏறக் கூடாது என்பதும் ஒன்று. பகலிலும் இருண்டிருக்கும் கூடம். ஒவ்வொரு மேசையின்மீதும் தாழத் தொங்கும் விளக்கு. அவ்வொளி வட்டத்துள் பச்சைக் கம்பளித் துணியும் வண்ணப் பந்துகளும். வட்டத்துக்கு வெளியே சிகரெட்டுப் புகையும் முகம் தெரியாத மனிதரும். பள்ளிச் சீருடையில் வருவோர்க்கு இடமில்லை என்னும் அறிவிப்பு வாயிலில் தொங்கியதே, உள்ளே நடப்பது நல்லதன்று என்பதற்குச் சான்றாகப் பலருக்குப் பட்டது. அங்கே கோலேந்தி நின்றவருள் நம் இளைஞரும் இருந்தனர். எனினும் நிலையத்தை நடத்திய தவுக்கேயும், ஆடியவருள் மிகுதியானோரும் சீனரே. ஆதலின் இது சீனருடைய விளையாட்டு என்றே நம்முள் பலர் கருதி வந்தனர்.

வரலாறு வேறு கூறுகிறது. ஸ்னூக்கர் என்னும் ஆட்டம் உருவானது இந்தியாவில். அதன் விதிகள் முதன்முதல் எழுதி ஒட்டப்பட்டதோ தமிழகத்து மலைநகராகிய உதகமண்டலத்தில். 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படையதிகாரிகள், மழைக்காலத்துப் பொழுதைப் போக்க, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூட்டியும் குறைத்தும் புதுப்புது ஆட்டங்களை ஆடிப் பார்த்தனர். அவர்களுள் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. ஆட்டத்தில் தவறிய நண்பர் ஒருவரை இவர் 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்தார். இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரைக் குறித்த கொச்சைச் சொல் அது. அச்சொல்லே ஆட்டத்திற்குப் பெயராய் ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னைப் படையின் தலைவராயிருந்த இராபர்ட்ஸ் பிரபுவின்கீழ் இவர் பணியாற்றியபோது, கோடைக்கு உதகை செல்வது வழக்கமாயிற்று. அங்குள்ள மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882இல் ஆட்டத்தின் விதிகள் வரையப்பட்டு ஒட்டப்பட்டன. இவ்வளவையும் உலகம் உறுதியாக அறிந்தது 1938இல், முதுமை எய்திய சேம்பர்லின் 'தி ஃபீல்டு' என்னும் ஆங்கில இதழுக்கு எழுதிய கடிதத்தால்.

உதகை மன்றம் ஆங்கிலேயர்க்குரியது. அங்குள்ள இந்தியர், பந்தை எடுத்துக் கொடுத்துப் புள்ளிகளைக் குறிக்கும் 'மார்க்கர்' போன்ற பணியாளரே. ஷாங்காய்த் துறைமுகத்தில் ஆங்கிலேயர் அமைத்த மன்றங்களிலும் நிலை இதுவே. பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. சீனர் உறுப்பினராக இயலாது. உள்நாட்டு மண்ணில், உள்நாட்டார் துடைத்துப் பேணிய மேசையில், உள்நாட்டார் ஆட முடியாத ஆட்டம் என்று இதனைக் கூறினால் பிழையாகாது. விதிவிலக்காகச் சில செல்வர் இல்லங்களிலும் மேசைகள் இருந்தன. சிங் வமிசத்தின் கடைசிப் பேரரசர் பூயி, ஜப்பானியரின் பொம்மை மன்னராய்ச் சாங்சுன் நகரில் இருத்தப்பட்டபோது, அவ்வரண்மனையிலும் ஒரு பில்லியர்ட்ஸ் அறை இருந்தது. ஆளுவதற்கு நாடில்லாத அரசருக்கு அடித்து உருட்டப் பந்துகளாவது கிடைத்தன!

1949க்குப் பின் எழுந்த புதிய சீனத்தில் இது முதலாளி வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்டுப் பொதுவாழ்விலிருந்து மறைந்தது. மீண்டும் அது தலைகாட்டியது 1978இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பின்னரே. இம்முறை அது மன்றத்தின் வாயில்வழி வரவில்லை, தெருவழி வந்தது.

1980களிலும் 1990களிலும் சீனத்தில் பயணம் செய்தவர் எவரும் அக்காட்சியைக் காணாது திரும்பியிருக்க மாட்டார். மரத்தடியில், கடைத்தெரு ஓரத்தில், சிற்றூர்ப் பேருந்து நிற்கும் இடத்தில், வெட்டவெளியில் ஒரு மேசை. மழை வந்தால் மூட ஒரு நெகிழித் துணி. அருகே முக்காலியில் அமர்ந்து ஆட்டத்துக்கு இவ்வளவு எனச் சில்லறை வாங்கும் ஒரு முதியவர் அல்லது பெண்மணி. திபெத்தின் உயர்ந்த சிற்றூர்களிலும், சிஞ்சியாங்கின் மணற்காட்டு ஊர்களிலும் இதே மேசை இருந்தது. சிறு முதலீட்டில் ஒரு குடும்பம் பிழைக்க வழி செய்த தொழில் அது. ஆடுவோருக்கும் செலவு மிகக் குறைவு. தோற்றவர் மேசை வாடகையைக் கொடுப்பது எழுதப்படாத விதி. அதற்கு மேலும் பணம் வைத்து ஆடினர் என்பதை மறைப்பதற்கில்லை. தரை சமமில்லாததால் பந்து ஒரு பக்கமாகச் சாயும். காற்று புழுதியைக் கொண்டுவந்து துணிமேல் கொட்டும். மேசையின் குற்றங்களை மனப்பாடம் செய்தவனே வெல்வான்.

இத்தெருமேசையிலிருந்துதான் சீனர் தமக்கென ஓர் ஆட்டத்தை வடித்தெடுத்தனர். 'சீன எட்டுப்பந்து' என்பது அதன் பெயர். ஸ்னூக்கருக்குரிய மேசை 12 அடி நீளம். தெருவுக்கு அது பொருந்தாது. 9 அடி மேசை பொருந்தும். பந்துகள் அமெரிக்க வழக்கின்படி எண்ணும் கோடும் இட்டவை; குறுக்களவு 57 மில்லிமீட்டர். ஸ்னூக்கர்ப் பந்தோ 52.5 மில்லிமீட்டரே. ஆனால் குழிகளின் வாயை மட்டும் அவர்கள் ஸ்னூக்கர் மேசையைப்போல் வளைவாகவே வைத்துக்கொண்டனர். அமெரிக்க மேசையில் குழியின் வாய் கூர்முனையாய் அகன்றிருக்கும். சற்றே தவறிய பந்தையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வளைந்த வாயோ தவறிய பந்தை வெளியே தள்ளிவிடும். பெரிய பந்து, இரக்கமற்ற குழி. இரண்டும் சேர்ந்ததால் அமெரிக்கனுக்குப் பழகியதுபோல் தோன்றியும் அவனை ஏமாற்றும் ஆட்டமாக அது அமைந்தது. இன்று அதற்குப் பன்னாட்டுப் போட்டிகளும் பெரும்பரிசுகளும் உண்டு. பெயரிலும் சீனர் தம் வழக்கை நிலைநாட்டினர். பெருநிலத்தார் 'தாய்ச்சியூ', அதாவது மேசைப்பந்து என்பர். தைவானியர் 'சுவாங்ச்சியூ', மோதும் பந்து என்பர். இரண்டாவதே ஆட்டத்தின் உயிரைச் சொல்வதாக எனக்குப் படுகிறது.

ஹாங்காங்கின் கதை சற்று வேறு. அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தமையால், 1980களில் இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரர் பலர் அங்குக் காட்சி ஆட்டங்களுக்கு வந்துபோயினர். இளைஞர் கூட்டம் நிலையங்களில் குவிந்தது. ஸ்டீபன் சௌவின் நகைச்சுவைப் படம் ஒன்றில் இங்கிலாந்தின் ஜிம்மி வைட் தாமாகவே தோன்றும் அளவுக்கு அவ்விளையாட்டு மக்களிடம் பரவியிருந்தது. அம்மண்ணில் 1978இல் பிறந்த மார்க்கோ ஃபூ, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த 1998ஆம் ஆண்டிலேயே ஒரு பெரும்போட்டியின் இறுதிவரை சென்றார். அதே ஊரினரான இங் ஆன்-யீ என்ற பெண்மணி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார்.

தைவானியர் ஒன்பதுபந்து ஆட்டத்தில் சிறந்தனர். அங்கும் ஆட்டக்கூடங்கள் வேலையற்றோரின் கூடாரம் என்றே பழிக்கப்பட்டன. புள்ளி குறிக்கும் இளம்பெண்களை அமர்த்துவது அக்கூடங்களின் வழக்கம். இயக்குநர் ஹௌ சியாவ்-சியன் 2005இல் எடுத்த படத்தின் முதற்பகுதி, 1966இல் கவ்சியுங் நகரில் அத்தகைய பெண் ஒருத்திக்கும் படையில் சேரவிருந்த இளைஞனுக்கும் இடையே முகிழ்த்த அன்பைச் சொல்வது. அதே 2005இல் அதே கவ்சியுங் நகரில் ஒன்பதுபந்து உலகப் பட்டத்தை வூ ஜியா-சிங் என்ற 16 வயதுச் சிறுவன் 17–16 என்ற கணக்கில் வென்றான். எதிரே நின்று தோற்றவரும் தைவானியரே. நமக்கு அண்மையில் நோக்கினால், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் கோலைப் பிடித்த சிங்கப்பூர்ச் சீனர் அலோய்சியஸ் யாப், 2021இல் அமெரிக்கப் பொதுப்போட்டியின் இறுதியாட்டத்தை எட்டினார்.

ஆயினும் சீனரிடையே இவ்விளையாட்டின் மதிப்பை மாற்றியமைத்தது ஒரே ஒரு குடும்பத்தின் கதையே. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஜியாங்சு மாநிலத்து இசிங், செம்மண் தேநீர்ச் சாடிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே சிறுகடை நடத்திய டிங் வென்ஜுன் என்பவருக்குக் கோலாட்டத்தில் பெருவிருப்பம். அவர் மகன் ஜுன்ஹுய் 1987 ஏப்ரல் முதல் நாள் பிறந்தவன். ஒருநாள் தந்தை ஆட்டத்தின் நடுவே ஒதுங்கச் சென்றிருந்தபோது, சிறுவன் கோலை எடுத்து அவருக்காக ஆடி வென்றான் என்றொரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், தந்தை எடுத்த முடிவு மெய். கடையை விட்டார்; வீட்டை விற்றார்; பயிற்சிக்கு வாய்ப்பிருந்த குவாங்தோங் மாநிலத்துத் தோங்குவான் நகருக்கு மகனோடு குடிபெயர்ந்தார். மகன் பள்ளியை விட்டு நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மேசையருகே நின்றான். கல்வியைக் கடவுளாய்ப் போற்றும் சீனச் சமூகத்தில், ஒரே மகனைப் பள்ளியிலிருந்து பிடுங்கி, சூதாடிகளின் ஆட்டம் என்று பெயரெடுத்த ஒன்றில் இறக்கிய தந்தையை அக்கம்பக்கத்தார் என்னென்ன சொல்லியிருப்பர் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். நம் சமூகமும் அதையேதான் சொல்லியிருக்கும்.

பையன் வென்றான். 2002இல் ஆசிய விருது. அதே ஆண்டு 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம். புசான் ஆசிய விளையாட்டில் தங்கம். அப்போது அவனுக்கு வயது 15. 2003இல் தொழில்முறை ஆட்டக்காரனாகி இங்கிலாந்து சென்று, வெலிங்பரோ என்ற சிற்றூரில் தங்கிப் பயின்றான். மொழி தெரியாது, உணவு பிடிக்காது, நண்பர் இல்லை. 2005 ஏப்ரல் 3ஆம் நாள், 18 வயது நிறைந்த இரண்டாம் நாள், பெய்ஜிங்கில் நடந்த சீனப் பொதுப்போட்டியின் இறுதியில், உலகப் பட்டத்தை ஏழு முறை வென்ற ஸ்டீபன் ஹென்றியை 9–5 என அவன் வீழ்த்தினான். தொலைக்காட்சியில் அதைக் கண்டவர் 11 கோடி என்று அப்போது செய்தி வெளியாயிற்று. ஆண்டின் இறுதியில் பிரிட்டன் பட்டப்போட்டியில் ஸ்டீவ் டேவிஸை 10–6 என வென்றபோது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வனானான்.

அன்றிரவோடு மாடிப்படிகளின் பொருளே மாறியது. முன்பு மகனைத் தேடிப் பிரம்போடு ஆட்டக்கூடத்துக்கு வந்த பெற்றோர், இப்போது மகனின் கையைப் பிடித்து அழைத்து வந்தனர். பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. சீனத்தில் செய்யப்பட்ட மேசைகளே உலகப் பட்டப்போட்டியிலும் இடம்பெறலாயின. ஒரு நகரத்தில் ஒரு டிங் உருவானால், அதே வயதில் பள்ளியை விட்டு எட்டு மணி நேரம் நின்று, ஒன்றுமாகாமல் திரும்பியவர் எத்தனை பேர் என்ற கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. வென்றவர் பட்டியலை மட்டும் வரலாறு என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வென்றவருக்கும் விலை இருந்தது. 2007 ஜனவரியில், இலண்டன் வெம்பிளியில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் டிங் 147 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தார். ஒரு சுற்றில் பெறத்தக்க முழு எண்ணிக்கை அது. அதே போட்டியின் இறுதியில் ரானி ஓசல்லிவனோடு மோதினார். அரங்கிலிருந்தோர் சிலர் ஏளனக் கூச்சலிட்டனர். 19 வயது இளைஞர் உள்ளம் உடைந்தார். 9–3 என்ற நிலையிலேயே ஆட்டம் முடிந்ததென எண்ணிக் கைகுலுக்கச் சென்றார். வென்றுகொண்டிருந்த ஓசல்லிவனே அவர் தோள்மேல் கைபோட்டுத் தேற்றினார். 10–3 எனத் தோற்ற அவ்விரவுக்குப் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்ப நெடுநாள் ஆயிற்று. 2009இல் மீண்டும் பிரிட்டன் பட்டம். 2011இல் மார்க்கோ ஃபூவை வென்று மாஸ்டர்ஸ் பட்டம். 2014 இறுதியில் உலகின் முதல் இடம். எனினும், ஷெஃபீல்டு நகரத்து குருசிபிள் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் பட்டம் மட்டும் கைகூடவில்லை. 2016இல் இறுதிவரை சென்ற முதல் ஆசியராகி, மார்க் செல்பியிடம் 18–14 எனத் தோற்றார்.

டிங்கின் அடிச்சுவட்டில் வந்தோர் ஷெஃபீல்டிலேயே குடியேறினர். ஒரே பயிற்சிக்கூடம், ஒரே சமையல், ஒரே மொழி. மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் ஒரே லயத்தில் கூடி வாழ்ந்ததை ஒத்த வாழ்க்கை. அவர்களுள் யான் பிங்தாவ் 14 வயதில், 2014இல், நம் பெங்களூரில் தொழில்முறை சாராதோருக்கான உலகப் பட்டத்தை வென்றவர். 2021இல் மாஸ்டர்ஸ் பட்டமும் பெற்றார். சியான் நகரில் பிறந்த ஜாவ் ஷின்தோங் அதே 2021இன் இறுதியில் பிரிட்டன் பட்டத்தை வென்றார். டிங்கினும் மேம்பட்டவர் இவர்களே என்று ஆட்டமறிந்தோர் பேசினர். பெருந்தொற்றுக் காலமாதலால் சீனத்தில் பெரும்போட்டிகள் 2023 வரை நின்றிருந்தன. இளைஞர்கள் வீடு திரும்ப வழியின்றி, வருவாயும் சுருங்கி அயல்நாட்டில் தங்கிக் கிடந்தனர்.

பழைய பழி அப்போது மெய்யாயிற்று. பந்தயப் பணத்துக்காக ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே தீர்மானித்த குற்றம் தொடர்பாகச் சீன ஆட்டக்காரர் பத்துப் பேர் விசாரிக்கப்பட்டு, 2023 ஜூன் மாதம் தண்டனை பெற்றனர். மூத்தவரான லியாங் வென்போவும் லி ஹாங்கும் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டனர். இளையவரைத் தூண்டியவர் அவ்விருவர் என விசாரணையில் முடிவாயிற்று. யான் பிங்தாவுக்கு ஐந்தாண்டு. ஜாவ் ஷின்தோங் தம் ஆட்டத்தைத் தாமே விற்றவரல்லர். ஆயினும் மற்றொருவர் செய்ததற்கு உடந்தையாயிருந்ததையும், ஆட்டங்களின்மீது பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டமையால் 20 மாதங்கள் விலக்கப்பட்டார்.

சீனரென்றால் சூது என்று எளிதாய்ப் பேசிவிடுவோர் நம்மிடையே உண்டு. பத்துப் பேரின் குற்றத்தை ஓர் இனத்தின் இயல்பாக்குவது அறிவுடைமை ஆகாது. பந்தயச் சந்தை அங்கே இங்கிலாந்திலும் சட்டப்படியே செழித்து நடப்பது. ஆயின், குற்றவாளிகள் சிறுபிள்ளைகள் என்று முழுதும் மன்னித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. தாம் யாருடைய வீடு விற்ற பணத்தில் கோல் பிடித்தோம் என்பதை அவர்கள் ஒரு கணம் எண்ணியிருக்கலாம்.

ஜாவின் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. தொழில்முறைத் தகுதி போய்விட்டதால், உலகப் பட்டப்போட்டிக்கு அவர் தொழில்முறை சாராதவராய் நுழைந்து, நான்கு தகுதிச் சுற்றுகளைக் கடந்து குருசிபிள் அரங்கை அடைந்தார். அரையிறுதியில் ஓசல்லிவனை 17–7 என வென்றார். 2025 மே 5ஆம் நாள், 50 வயதான மார்க் வில்லியம்ஸை 18–12 என வீழ்த்தி, உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியரானார். 1882இல் உதகையில் விதிகள் ஒட்டப்பட்டு 143 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மகளிர் ஆட்டம் இதற்கு ஓராண்டு முன்பே அவ்விடத்தைத் தொட்டுவிட்டது. 2007இல் ஷாண்தோங் மாநிலத்துப் பான் சியாவ்திங் ஒன்பதுபந்து மகளிர் உலகப் பட்டத்தைச் சீனத்துக்கு முதன்முதல் கொணர்ந்தார். ஸ்னூக்கரில் அப்பெருமை 2003இல் பிறந்த பாய் யூலுவுக்கு உரியது. 2024இல் நடந்த மகளிர் உலகப் போட்டியின் இறுதியில் தாய்லாந்துப் பெண்ணை 6–5 எனக் கடைசிச் சுற்றில் வென்று, பெருநிலச் சீனத்திலிருந்து அப்பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். மறு ஆண்டும் அதனைத் தக்கவைத்துக்கொண்டார். 2024ஆம் ஆண்டின் இறுதியாட்டம் நடந்த இடம் தோங்குவான். இசிங் ஊர்க் கடைக்காரர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு வந்து குடியேறிய அதே நகரம்.